ஆணி இருந்த தேக்கு

வைத்தியநாதன் பொய் எழுதியிருக்கிறார்.

சில வாரங்களுக்கு முன்னால் இதே பத்திரிகையில் காடுகளைப் பற்றிச் சிறப்புப் பக்கங்கள் வந்தன. அதில் எழுதியிருக்கிறார். எண்பதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் இருந்துகொண்டே காடுகளுக்காகப் போராடினாராம். தாராவியில் திருட்டுத் தேக்கு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பட்டறையைக் காட்டு இலாகாவிடம் பிடித்துக் கொடுத்தாராம். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பெருந்தன்மையாம்.

நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டறை என்னுடையது. என்னுடையதும், என் அக்கா புருஷன் மைதீன் மச்சானுடையதும்.

இந்தத் தொடரில் இந்த வாரம் என் கல்யாணக் கதையை எழுதுவதாக இருந்தேன். அது எங்கும் ஓடிப்போகாது. முதலில் இதைத் தீர்த்துவிடுகிறேன்.

ஜீப் வந்த காலை

மழைக்காலம். தாராவியில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பட்டறைக்குள் மட்டும் தரையை உயர்த்திப் போட்டிருந்தோம். மச்சான் ஒரு உத்தரத்தின் மேல் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்துகொண்டிருந்தது. தேக்கை இழைத்தால் ஒரு வாசனை வரும். புதுத் தோல் செருப்பில் எண்ணெய் தடவினது போல இருக்கும். மழை நாளில் அந்த வாசனை பட்டறையை விட்டு வெளியே போகாது.

சந்துக்குள் ஜீப் வர முடியாது. முனையில் நிறுத்திவிட்டுக் காக்கி உடுப்பு ஆட்கள் தண்ணீரில் நடந்து வந்தார்கள். போலீஸ் என்று நினைத்தேன். காட்டு இலாகா என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தாராவியில் காட்டு இலாகாவுக்கு என்ன வேலை? இங்கே இருக்கிற ஒரே மரம் சந்து முனை அரசமரம். அதற்கும் பாதி தகரம் அடித்திருந்தார்கள்.

"சாக்வான் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார்கள். சாக்வான் என்றால் தேக்கு.

"இடிப்பு மால், சாப். மஜ்காவ்ல பழைய குடோன் இடிச்சாங்க. அதோட உத்தரம்" என்றேன்.

அவர்களில் ஒருவன் உத்தரத்தைக் கையால் தடவிப் பார்த்தான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"பழைய உத்தரம்னா ஆணி ஓட்டை இருக்கணுமே. எங்க? ஒண்ணு காட்டு."

மச்சான் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. வேலையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"அதான் சாப் நம்ம கைவேலை" என்றார்.

அரை மணி நேரத்தில் உத்தரங்களை லாரியில் ஏற்றினார்கள். மச்சானை ஜீப்பில் ஏற்றினார்கள். அறுக்கும் மிஷினுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

இடித்த வீட்டு மரம்

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும்.

பம்பாயில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய குடோன், மில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள சால் கட்டிடம் எல்லாவற்றிலும் மேலே தேக்கு உத்தரம். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. கப்பலில் வந்தது. கட்டிடத்தை இடிக்கும்போது செங்கல்லை ஒருவன் எடுப்பான், இரும்பை ஒருவன் எடுப்பான், மரத்தை எங்களைப் போன்றவர்கள் எடுப்போம். ஆணியைப் பிடுங்கி, மேல்தோலை இழைத்து, கதவும் கட்டிலும் செய்வோம்.

தேக்குக்கு ஏன் இத்தனை மவுசு என்று கேட்பவர்கள் பம்பாயில் ஒரு ஜூலை மாதம் இருந்து பார்க்கவேண்டும். வேறு மரத்தில் செய்த கதவு மழைக்கு ஊதிவிடும். காலையில் குளியலறைக்குள் போனவன் உள்ளேயே கிடந்து கத்துவான். வெளியே இருந்து நாலு பேர் தோளால் இடித்துத் திறப்பார்கள். எங்கள் சந்தில் தினமும் இது நடக்கும். தேக்குக் கதவு அப்படியே நிற்கும். கரையான் கிட்டே வராது.

ஆனால் ஒரு தொல்லை. நம் ஆட்களுக்கு இடித்த வீட்டு மரம் ஆகாது. தாராவிக்காரன், செம்பூர்க்காரன், மாட்டுங்காக்காரன், இதில் எல்லோரும் ஒன்று. யார் செத்த வீடோ, யார் தூக்கில் தொங்கிய உத்தரமோ என்பார்கள். மரம் நல்ல மரம் என்று அவர்களுக்கே தெரியும். விலையும் பிடிக்கும். ஆனால் கண்ணுக்கு ஆணி ஓட்டை தெரியக்கூடாது. தெரிந்தால் ஆர்டர் போச்சு.

அதனால்தான் எங்கள் பட்டறையில் மால் வந்த உடனே முதல் வேலை ஓட்டையை அடைப்பது. அதே மரத்தின் தூளை வச்சிரத்தில் குழைத்து, அடைத்து, காய்ந்ததும் இழைத்து, எண்ணெய் போடுவது. வச்சிரம் என்பது தச்சர்கள் காய்ச்சும் பசை. இதில் மைதீன் மச்சானை மிஞ்ச பம்பாயில் ஆள் கிடையாது. ரேகைக்கு ரேகை சேர்ப்பார். அடைத்த பிறகு அவர் விரலுக்கே தெரியாது.

ஊஞ்சல் கேட்டு வந்தவர்

வைத்தியநாதன் அப்போது ஒரு பெரிய ஆபீசில் வேலை பார்த்தார். மாட்டுங்காவில் கோயில் பக்கத்துக் கட்டிடத்தில் மாடியில் வீடு. இங்கிலீஷ் பேப்பருக்குக் காடு அழிகிறது, காடு அழிகிறது என்று கடிதம் எழுதுவார். அதில் எனக்குக் குறை கிடையாது. காடு அழிந்தது உண்மை. அவருக்கு அதில் நிஜமாகவே வருத்தம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஜீப் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஊஞ்சல் பலகை செய்யவேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வந்தவரை மச்சான் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

"இது புது மரம்தானே?"

"இல்ல சார். இடிப்பு மால். பர்மாத் தேக்கு. புதுசைவிட நல்லது" என்றேன். இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

"இடிச்ச ஆத்து மரமா? ஐயோ, நமக்கு வேண்டாம்ப்பா. குழந்தைகள்லாம் உக்காரும்." பிறகு குனிந்து பார்த்தார். "ஒரு ஓட்டைகூட இல்லையே? வழவழன்னுன்னா இருக்கு. என்னை ஏமாத்தறியா?"

"ஏமாத்துனா புதுசுன்னுல்லா சார் சொல்லுவோம்? பழசுன்னு சொல்லி யாராவது ஏமாத்துவானா?" என்றார் மச்சான்.

அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார். ஆர்டர் போச்சு என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

அவர் தலைக்குள் ஓடிய கணக்கு, புகாரில் இருந்ததைக் காட்டு இலாகா ரேஞ்சர் பின்னால் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. ஓட்டை இல்லை, அதனால் பழசு இல்லை. புது மரத்தைப் பழசு என்று சொல்கிறான், அதனால் திருட்டு. பம்பாயை அடுத்த தானா பக்கத்துக் காட்டில் வெட்டியதாகத்தான் இருக்கும். அப்படியே காட்டு இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சொன்னதைச் சொல்லவில்லை. "இடிப்பு மால் என்று பட்டறைக்காரன் சொல்கிறான், விசாரியுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் என் மச்சான் ஜீப்பில் ஏறியிருக்கமாட்டார்.

அக்காவும் நானும்

அன்று ராத்திரி மச்சானை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். மரத்தைச் செம்பூர் தாண்டி டிராம்பே போகிற சாலையில் இலாகாவின் முற்றம் ஒன்றில் இறக்கியிருந்தார்கள். மறுநாள் ரேஞ்சர் வந்து பார்ப்பார், திருட்டு மரம் என்று அவர் சொல்லிவிட்டால் கேஸ், கோர்ட், ஜெயில் என்றார்கள்.

ஜமீலா அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நெசத்தைச் சொல்லு. திருட்டு மரமா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்குல அந்த மனுசன் ஓட்டையை அடைச்சாரு?"

"எல்லாரும் அடைக்கிறதுதானக்கா."

"எல்லாரும் அடைப்பான். இவரு மாதிரி ஒருத்தன் அடைப்பானா? குடத்துல ஓட்டைன்னா அடைக்க ஆளில்ல. மரத்துல மட்டும் அல்லாவுக்கே தெரியாத மாதிரி அடைப்பாரு."

மறுநாள் காலையில் பஸ் பிடித்து இரண்டு பேரும் போனோம். மடியில் தூக்குச்சட்டி. புளிக்குழம்பு வாசனை பஸ் முழுக்க. செம்பூர் தாண்டியதும் ரிபைனரி நாற்றம் வந்து அதை அமுக்கிவிட்டது. 

தன் வேலையில் தானே மாட்டியவர்

ரேஞ்சர் பெயர் சாவந்த். மாநிலத்தின் கிழக்கே தேக்கு விளைகிற ஒரு மாவட்டத்துக்காரர். குட்டையான ஆள், வெற்றிலை போடுகிறவர். அவர் பேசியது இந்தி. நான் தமிழில் தருகிறேன்.

மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டையில் இன்னும் மரச்சீவல் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆணி ஓட்டை இருக்குன்னு சொல்றியாமே. காட்டு. ஒரே ஒரு ஓட்டை காட்டினாப் போதும், வீட்டுக்குப் போ" என்றார் சாவந்த்.

மச்சான் முதல் உத்தரத்தின் பக்கத்தில் குத்தவைத்தார். விரலால் தடவினார். நகத்தால் கீறினார். தண்ணீர் தெளித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அடுத்த உத்தரம். அதற்கடுத்தது. ஒன்று கிடைக்கவில்லை. தான் அடைத்த ஓட்டை தனக்கே தெரியவில்லை.

நானும் தேடினேன். எனக்கு மட்டும் தெரியுமா? மழைத் தூறலில் எண்ணெய் போட்ட மரம் கண்ணாடி மாதிரி மின்னியது. எங்கள் இரண்டு பேர் முகமும்தான் அதில் தெரிந்தது.

"இங்கதான் இருந்துச்சு மாப்ளே. சத்தியமா இங்கதான்."

"எங்க மச்சான்?"

"அதான் தெரியல்லியே!"

காக்கி ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.  இவ்வளவு அருமையாக வேலை செய்ததற்கு ஒரு ஆள் ஜெயிலுக்குப் போவதை நான் கேள்விப்பட்டதில்லை.

சாவந்த் மட்டும் சிரிக்கவில்லை. உத்தரத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வெட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுக்கும் எண்ணெயும் படிந்து ஒன்றும் தெரியவில்லை.

"இதைக் குறுக்கே அறுங்க. உள்ளே பார்க்கணும்" என்றார்.

இரண்டு ஆள் இழுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்தார்கள். கர்ர், கர்ர் என்று இறங்கியது. மழை ஈரத்திலும் அந்த வாசனை எழுந்தது. பாதி ஆழம் போயிருக்கும். கீச்சென்று ஒரு சத்தம். பல் கூசியது. ரம்பம் இழுத்தவன் மராத்தியில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கையை உதறினான். ரம்பத்தில் ஒரு பல் போய்விட்டது.

"உள்ளே இரும்பு" என்றான்.

இப்போது மச்சான் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"இருக்காது சாப்!" என்று கத்தினார். "என் மரத்துல ஆணியா? ஒரு ஆணி விடமாட்டேன் சாப். எல்லாத்தையும் புடுங்கிட்டுத்தான் இழைப்பேன். வேற ஏதாவது இருக்கும்."

நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அதற்குள் அக்கா வாசலிலிருந்து கத்திவிட்டாள். "வாயை மூடும்! ஆணின்னா ஆணிதான்!"

உளி வைத்துப் பிளந்தார்கள். உடைந்த ஆணி ஒன்று. தலை இல்லை, உடம்பு மட்டும். நாலு பக்கமும் பட்டையாகச் சம்மட்டியால் அடித்த பழைய ஆணி. அப்படி ஆணி அடிக்கிற கொல்லன் எல்லாம் எப்போதோ போய்விட்டான். அதற்கு மேலே விரல் நீளத்துக்கு மச்சான் அடைத்த தூள், ரேகைக்கு ரேகை.

சாவந்த் அதைக் கையில் வைத்து உருட்டினார். பிறகுதான் சிரித்தார்.

"பேட் கீல் கே சாத் நஹி உக்தா" என்றார். மரம் ஆணியோடு முளைப்பதில்லை.

அறுத்த முகத்தையும் காட்டினார். வளையங்கள் நெருக்கமாக, தலைமயிர் போல. தோட்டத்தில் நட்ட தேக்கு கொழுத்து வளரும், வளையம் அகலமாக இருக்கும், இது பெரிய காட்டில் மற்ற மரங்களோடு முட்டி மோதி மெதுவாக வளர்ந்தது என்றார். "எங்க மாவட்டத்துக் காட்டுலயும் இப்படி மரம் இருந்துச்சு. அதனால வளையத்தை மட்டும் வெச்சு உன்னை விட்டிருக்க மாட்டேன். ஆணிக்கு நன்றி சொல்லு."

விட்டார்கள்

அவ்வளவுதான். மச்சானை விட்டார்கள். மரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மிஷின் முத்திரையை மறுநாள் ஆள் அனுப்பி எடுத்தார்கள். கேஸ் இல்லை, கோர்ட் இல்லை.

சாலைக்கு எதிரே ஒரு டீக்கடை. தார்ப்பாய்க்குக் கீழே மூன்று பேரும் நின்றோம். அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்தோம். அவசரத்தில் ஊதாமல் உறிஞ்சி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். சுட்டது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போய்விட்டது. டிராம்பே பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. யாருக்கும் கோபம் வரவில்லை.

மச்சான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"எப்படி அந்த ஆணியை விட்டேன்னு தெரியல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. டீக்கடைக்காரனும் காரணம் தெரியாமல் சிரித்தான். ராத்திரி முழுக்க அழாதவள் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே தூக்குச்சட்டியைத் திறந்து சோறு தின்றோம். அதற்குப் பிறகு எத்தனையோ பிரியாணி தின்றிருக்கிறேன். அந்தப் புளிக்குழம்பு ருசி வரவில்லை.

தேக்கங்காடு என்று ஒரு பெயர்

சாவந்தோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னால் ஒரு மழைக்காலத்தில் மர ஏலம் பார்க்க அவர் இருந்த பக்கம் போனேன். ஏலத்துக்கு வந்த கட்டைகளில் இலாகாவின் சுத்தியல் முத்திரை அடித்திருந்தார்கள். முத்திரை இல்லாத கட்டை திருட்டுக் கட்டை. அதெல்லாம் முடிந்ததும் காட்டுக்குள் கூட்டிப்போனார்.

"இது என்ன காடு?" என்று கேட்டார்.

"தேக்கங்காடு."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். மருது இருந்தது, கருங்காலி இருந்தது, புரசு, மூங்கில், எனக்குப் பெயர் தெரியாத என்னென்னவோ. தேக்கு தலை தூக்கி நின்றது. ஆனால் தேக்கு மட்டும் இல்லை. உயரமாக நின்று வெயிலைப் பிடிக்கிற மரம் எதுவோ, அதன் பெயரைக் காட்டுக்கு வைத்துவிடுகிறார்கள் என்றார். மார்க்கெட்டில் மிச்சத்துக்கெல்லாம் ஒரே பெயர், ஜங்கிள்வுட். பம்பாயில் எங்கள் எல்லோருக்கும் மதராசி என்று ஒரே பெயர் வைத்த மாதிரி.

பிறகு இன்னொரு இடம். அங்கே பழைய கலப்புக் காட்டை மொத்தமாக வெட்டிவிட்டுத் தேக்கு மட்டும் வரிசையாக நட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நிறைய இடத்தில் இதுதான் வழக்கம். தேக்குக்கு விலை, அதனால் தேக்கே இருக்கட்டும் என்று.

உள்ளே போனேன். பொலபொலவென்று தூறல் சத்தம். கையை நீட்டினேன், நனையவில்லை. கறுப்பாக மணி மணியாக விழுந்தது. மேலே புழு இலையைத் தின்றுகொண்டிருந்தது, விழுந்தது அதன் எச்சம். ஒரே மரம் என்றால் அந்த மரத்தைத் தின்னும் புழுவுக்கு விருந்து. இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடைத் துணி போலத் தொங்கியது. கீழே புல்கூடச் சரியாக இல்லை. அகல இலையிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணைக் குழி பறித்திருந்தது.

"கலந்து நின்னா இவ்வளவு மோசம் வராது. தேக்கு நல்ல தலைவன். தனியா விட்டாக் கெட்டுப்போவான்" என்றார் சாவந்த். மேலதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்திருக்கிறாராம். பதில் வரவில்லையாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காட்டைப் பற்றி எழுதுகிறவர் இதை எழுதவேண்டும். மருதையும் கருங்காலியையும் வெட்டித் தள்ளியது யார் என்று கேட்கவேண்டும். அது எந்தச் சந்துக்குள்ளும் நடக்கவில்லை. நாங்கள் எடுத்தது யாரோ எப்போதோ வெட்டி, கட்டி, இடித்துப் போட்ட மரம். அதை எடுத்து மறுபடி கதவு செய்தவன் ஒரு புது மரத்தைக் காப்பாற்றியவன். எனக்கு மாலை போட வேண்டாம். திருடன் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அச்சில் பதில் வேண்டும்

மைதீன் மச்சான் இப்போது அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அதனால் வீட்டுக்கு வருகிற தமிழ்ப் பத்திரிகையை அவர்தான் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவார். அன்றைக்கு வைத்தியநாதன் எழுதியதைப் படித்துக்கொண்டு போனவர் பாதியில் நிறுத்திவிட்டாராம். மீதி என்ன என்று சம்பந்தி கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிட்டார்.

"விட்டுரு மாப்ளே. அப்பவே வெளிய வந்துட்டோம்லா" என்று போனில் சொன்னார். அவர் விடுவார். நான் விடமாட்டேன். வெளியே வந்துவிட்டோம் என்பதைத்தானே வைத்தியநாதன் எழுதாமல் விட்டார்?

வைத்தியநாதன் சார், இடிப்பு மால் என்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? விழுந்தது என்றால் ஏன் இலாகாவிடம் சொல்லவில்லை? அடுத்த நாளே மச்சானை விட்டுவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட விசாரிக்காமல் எப்படி எழுதினீர்கள்?

எனக்குத் தனியாகக் கடிதம் போடவேண்டாம். ஆள் அனுப்பவேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட்டு காபி கொடுக்கவேண்டாம். எங்களைத் திருடர்கள் என்று எந்தப் பத்திரிகையில் எழுதினீர்களோ அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். மச்சானுக்குப் போன மாதம்தான் கண்புரை எடுத்தார்கள். இப்போது பொடி எழுத்துகூட நன்றாகத் தெரிகிறது. சம்பந்தி எதிரே உட்கார்ந்து அவர் அதைச் சத்தமாக, பாதியில் நிறுத்தாமல் படிக்கவேண்டும்.

எழுதுங்கள்.